கைப்பிடிக்குள் இருந்த துரு

பாடன் நகரில் தில்லைநாயகி துப்புரவு செய்த வீடுகள் மூன்று. இரண்டு வீடுகளில் அவளோடு கதைக்க ஆளில்லை. மூன்றாவதில் கதை ஓயாது. அங்கே இருந்தவர் ஹெர் அம்ஸ்லர். தொழிற்சாலையில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், ஜப்பானிய வாள்மேல் பைத்தியம் பிடித்தவர். சுவரில் மூன்று வாள்கள் வைத்திருந்தார். கேட்க ஒருவர் அகப்பட்டால் போதும், தூசி தட்டும் பெண் என்றாலும் சரி, தொடங்கிவிடுவார்.

தில்லைநாயகிக்கும் அதில் நட்டமில்லை. 1986ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் அது. அகதி விண்ணப்பத்துக்கான இரண்டாவது விசாரணைக்கு அவளைத் தலைநகர் பெர்னுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சொல்வதை நம்பினால் இந்த நாட்டில் இருக்கலாம். நம்பாவிட்டால் கொழும்புக்கு விமானம். அதற்குள் நாலு ஜெர்மன் சொல் காதில் விழட்டுமே என்று கேட்டுக்கொண்டே துடைப்பாள்.

ஆதியில் ஜப்பானிய வாள்கள் நேராகத்தான் இருந்தனவாம். குதிரைமேல் இருந்து வெட்டத் தொடங்கியபின் வளைந்தன. மங்கோலியர் கப்பலில் வந்து மோதியபின் அலகு அகன்றது. பிறகு நூறு வருடத்துக்கு மேல் உள்நாட்டுச் சண்டை. காலாட்படைக்குக் குட்டை வாள், கூர் மேலே பார்க்க இடுப்பில் செருகுவது. கேட்டவனுக்கெல்லாம் அடித்துக் கொடுத்ததில் தரம் கெட்டது. சுவரின் முதல் வாள் அந்தக் காலத்தது. "சண்டை கூடினால் வாள் நன்றாக வரும் என்று நினைக்கிறீர்களா? அவசரம்தான் கூடும்" என்பார் அம்ஸ்லர்.

முன்பெல்லாம் ஒவ்வொரு பகுதியும் தன் இரும்பு மணலைத் தானே உருக்கியது. உருக்கின் இழையைப் பார்த்தே எந்தப் பகுதி என்று சொல்லிவிடலாம். சமாதானம் வந்தபின் உருக்கு சந்தைச் சரக்காகி நாடெங்கும் போனது, அந்த அடையாளம் மங்கியது. ஒல்லாந்தர் கப்பலில் வெளிநாட்டு இரும்பும் வந்தது. சில கொல்லர்கள் அதைக் கலந்து அடித்து, கலந்ததைப் பெருமையோடு கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் எழுத்தாக வெட்டியும் வைத்தார்கள். இரண்டாவது வாள் அந்த வகை. மூன்றாவது, உலகப்போரில் தொழிற்சாலை அடித்துத் தள்ளி, தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் தோய்த்த இராணுவ வாள். தொழிற்சாலையில் சோறு உண்ட மனிதருக்கே அதன்மேல் மரியாதை இல்லை.

"ஒல்லாந்தர் எங்கட யாழ்ப்பாணத்துக்கும் வந்தவை," என்று ஒருநாள் அவள் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள். "அவையின்ர கோட்டை இருக்கு. இப்ப அதுக்குள்ள ஆமி."

விசாரணையில் சொல்ல வேண்டிய கதையைத் திருத்திக் கொடுத்தவர் கனகரத்தினம் அண்ணை. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுபவர், பாடன் தமிழருக்கெல்லாம் கதை திருத்துபவர், அதற்கு ஒரு சதமும் வாங்காத நல்ல மனிதர். ஊரில் நடந்தது இதுதான். ஆமி வீட்டுக்கு வந்து, தில்லைநாயகியின் தம்பி தவச்செல்வனை முற்றத்தில் நிறுத்தி, "இவன் யார்?" என்று கேட்டது. "தெரியாது, முட்டை வாங்க வந்த பொடியன்" என்று அவள் சொன்னாள். அயலான் என்றால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாளா, தன்னையும் சேர்த்து இழுப்பார்கள் என்று பயந்தாளா, அவளுக்கே இன்றுவரை தெளிவில்லை. அவனைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை.

"இதைச் சொன்னா உம்மை ஆர் பிள்ளை நம்புவினம்?" என்றார் கனகரத்தினம் அண்ணை. "என்ர தம்பியை விடுங்கோ எண்டு காலில விழுந்து அழுதனான் எண்டு சொல்லும்." ஆரா நகரில் நடந்த முதல் விசாரணையில் அப்படியே சொன்னாள். எந்தப் பக்கம் விழுந்தாய், யார் இழுத்து விலக்கினார்கள் என்று அவர்கள் துருவத் துருவ, நாக்குக் குழறிவிட்டது.

புரட்டாசிக் கடைசியில் அம்ஸ்லர் முழங்கால் வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார். எண்ணெய் பூசக் கைப்பிடியைக் கழற்றிய இரண்டாவது வாளை அவசரத்தில் மேசையிலேயே விட்டுவிட்டார். அவள் துப்புரவுக்கு வந்த அன்றைக்குச் சரஸ்வதி பூசை. அலகு கண்ணாடியாய் மின்ன, கைப்பிடிக்குள் இருக்கும் அடிப்பகுதி மட்டும் கறுத்துத் துருவேறிக் கிடந்தது. இவ்வளவு துப்புரவான மனிதர் இதை எப்படிக் கவனியாமல் விட்டார் என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. தேசிக்காய்ப் புளியும் உப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டு, கை நோக நோகத் தேய்த்தாள். வெட்டிய எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்தது. ஆயுத பூசைக்குச் செய்வதுபோல் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டாள்.

திரும்பி வந்த அம்ஸ்லர் அதைப் பார்த்ததும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அலகை ஒவ்வொரு தலைமுறையும் தீட்டும்," என்றார் கடைசியில். "இந்தத் துருவை மட்டும் முந்நூறு வருடமாக யாரும் தொடவில்லை. வயதைப் பொய்யில்லாமல் சொன்னது இது ஒன்றுதான். இனி இந்த எழுத்தை யார் நம்புவார்கள்? சுத்தமாக இருக்கிறதே, எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள்."

அவள் அழுதாள். நல்ல மனதோடு செய்தது தெரியும் என்று சொல்லி, ஒரு தாளால் குங்குமத்தை மெதுவாகத் துடைத்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அதன்பிறகு அவள் முன்னால் அவர் வாளைக் கழற்றியதே இல்லை, அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வீட்டுக்கு வந்தால் கனகரத்தினம் அண்ணை ஒத்திகைக்குக் காத்திருந்தார். "போனமுறை சொன்னதையே வடிவாச் சொல்லும். ஒரு சொல்லும் மாறக்கூடாது." அவள் ஓம் என்று தலையாட்டினாள்.

பெர்னில் விசாரித்தவர் ஒரு நடுவயதுப் பெண். மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியன் பக்கத்தில் இருந்தான். தம்பியைக் கொண்டுபோனபோது என்ன செய்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார்.

"தெரியாது, முட்டை வாங்க வந்த பொடியன் எண்டு சொன்னனான்."

யாழ்ப்பாணத்துப் பொடியன் அதை மொழிபெயர்க்காமல் அவளைப் பார்த்தான். "அக்கா, போனமுறை காலில விழுந்ததெண்டு பதிஞ்சிருக்கு. இப்ப இப்பிடிச் சொன்னா, அது பொய்யெண்டு ஆகும்."

"ஓம். அது பொய்தான். காலில விழேல்லை."

அவன் தயங்கித் தயங்கி ஜெர்மனில் சொன்னான். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். அப்போது உங்கள் தம்பி என்ன செய்தார் என்று கேட்டார். ஆராவில் யாரும் அதைக் கேட்கவில்லை. கனகரத்தினம் அண்ணையும் கேட்டதில்லை.

தில்லைநாயகி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை ஒருக்காப் பாத்தவன். பிறகு ஆமிக்காரனிட்ட, ஓம் சேர், முட்டை வாங்கத்தான் வந்தனான், இந்த அக்காவை எனக்குத் தெரியாது எண்டவன்."