சீட்டைக் கவிழ்த்து வைத்தவர்

ஜமுனாமரத்தூரில் என் கணவரின் அக்காவான அண்ணியின் வீட்டுப் படியில் நான் வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது. மலையடிவாரத்து மருத்துவமனையில் பில் போட்டவர் மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். தொகையை வாய்விட்டுச் சொல்லாமல், சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பார்.

அண்ணி சீட்டை எடுத்தார். சாமை விற்ற பணத்தைக் கொண்டுவந்திருந்தார்.

“வேணாம் அண்ணி, நான் கட்டிக்கிறேன்.”

“என் வூட்ல தானே வுழுந்த?” என்றபடி பைக்குள் பணத்தைத் தேடினார்.

பில் போட்டவர் என்னிடம் தாழ்ந்த குரலில், “கட்ட வுடுங்கம்மா. இல்லன்னா ஒங்கள மறுபடியும் வூட்டுக்குக் கூப்புட அவங்களுக்கு வாய் வராது,” என்றார்.

விட்டுவிட்டேன். பேருந்து ஏற்றிவிடும்போது அண்ணி, “திருவிழாவுக்குக் கொழந்தய இட்டுகினு வந்துடு,” என்றார்.

அந்த மனிதர் சொன்னது சரிதான். ஆனாலும் அந்த மாதம் அண்ணி வீட்டில் எதைக் குறைத்துக்கொண்டார்கள் என்று கேட்க எனக்கு இன்னும் துணிவில்லை.