ஒரு மூச்சுக்குள் மூக்குத்தி

கொல்லிமலையில் ஆடிப் பதினெட்டன்று ஆற்று மீனுக்கு மூக்குத்தி போடுவார்கள். பினாங்கு ஆபீசில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. குத்தி முடிக்கும்வரை எந்த மீன் சும்மா இருக்கும் என்று கேட்டார்கள். அரியூர் நாட்டு அத்தாயியைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

அத்தாயிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். சாமை விதைப்பது, களையெடுப்பது, மிளகு பறிப்பது என்று வருஷம் முழுக்க மற்றப் பெண்களைப் போலத்தான் இருப்பாள். அந்த ஒரு நாள் மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நிற்பாள். சிவன் கோயிலுக்குக் கீழே ஓடும் அந்த ஆற்று மீனை யாரும் தின்பதில்லை. சாமிக்குப் படைக்கும் முன்னால் அவற்றுக்குத்தான் சோறு. அதனால் ஆளைக் கண்டு அவை ஓடுவதும் இல்லை. அத்தாயியின் புருஷன் செங்கோடன் ஈரத் துணியில் ஒன்றை ஏந்தித் தூக்குவான். அவள் நாரத்தை முள்ளால் மூக்கோரத் தோலைத் துளைத்து, மெல்லிய கம்பி வளையத்தைக் கோத்து, நுனிகளை விரலால் அழுத்தி மூடுவாள்.

மீன் தண்ணீரை விட்டு வந்ததும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். தனக்கு முட்டினால் அதற்கும் முட்டும் என்பது அவள் கணக்கு. முட்டிவிட்டால், வேலை பாதியில் நின்றாலும் மீன் ஆற்றுக்குத் திரும்பிவிடும். அவள் கைபட்ட மீன் ஒன்றுகூடச் செத்து மிதந்ததில்லை என்பார்கள்.

1936இல் நான் லீவில் மலையடிவாரத்திலுள்ள எங்கள் ஊர் புளியஞ்சோலைக்கு வந்திருந்தேன். முதல் தடவை கப்பலேறிப் போனபோது நான்கு மாதம் என்னிடமிருந்து கடுதாசி வரவில்லை. பிள்ளை நல்லபடி இருந்தால் மீனுக்கு மூக்குத்தி போடுவதாக அம்மா பொன்னம்மாள் நேர்ந்துகொண்டாள். அதை முடிக்காமல் மறுபடி கடல் தாண்ட எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த வாரம் நாகப்பட்டினத்தில் கப்பல். அம்மாவோடு காட்டுப் பாதையில் மலையேறும்போது சட்டைப் பையிலிருந்த மூக்குத்தியைப் பத்துத் தரமாவது தொட்டுப் பார்த்திருப்பேன். பினாங்கில் செய்தது, நல்ல கனமான தங்கம்.

அத்தாயி அதை வாங்கி உள்ளங்கையில் உருட்டினாள்.

"இது மீனுக்குங்களா, எருதுக்குங்களா?"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் முயன்று பார்த்தாள். முள் இறங்கியது. தடித்த வளையம் வளையவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றேன். அவள் செங்கோடன் கையிலிருந்த துணியைத் தாழ்த்தினாள். மீன் வெறும் மூக்கோடு போயிற்று.

"கொஞ்சம் பிடிச்சிருந்தா முடிஞ்சிருக்குமே, அக்கா."

"முடிஞ்சிருக்கும் சாமி. மீனும் முடிஞ்சிருக்கும்."

கீழே போய்த் தட்டானிடம் கொடுத்து மெல்லிதாக இழைத்துவர இரண்டு நாள் ஆகும். அதற்குள் பதினெட்டு போய்விடும். நேர்த்தி பாக்கி நிற்க, நான் கப்பலில் இருப்பேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அத்தாயி அவளைப் பார்த்தாள். "ஏனுங்க அம்மிணி, நேந்துக்கையில என்னன்னு நேந்தீங்க? பினாங்குத் தங்கம்னா?"

"இல்லீங்க. மூக்குத்தின்னுதான் நேந்தேன்."

"அப்பறமென்ன."

அத்தாயிக்கு மூக்கின் இரண்டு பக்கமும் வளையம் உண்டு. இடப்பக்கத்து வளையத்தைக் கழற்றினாள். போட்டுப் போட்டுத் தேய்ந்து நூல் போல இருந்தது.

"போட்டதாச்சே, ஆகுங்களா?" என்றாள் அம்மா.

"மஞ்சத் தண்ணியில முக்கினா புதுசுதானுங்க."

செங்கோடன் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னான். "ஒத்த மூக்குத்தியோட ஊட்டுக்கு வந்தீன்னா உனக்குச் சோறு கெடையாது, புள்ள."

"ஆக்கறதே நானுங்க. சோறு ஆருக்கு கெடையாதுன்னு பொழுதுசாஞ்சு பாக்கலாம்."

அடுத்த மீன் மேலே வந்தது. அத்தாயி வாயை மூடினாள். நானும் அறியாமல் மூச்சைப் பிடித்திருந்தேன். முள், வளையம், விரல். எனக்கு மார்பு அடைப்பதற்குள் மீன் தண்ணீரில் இருந்தது. பாறையை ஒட்டிக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு சுற்றுச் சுற்றி, படியோரம் மிதந்த சோற்றுப் பருக்கையைக் கவ்விக்கொண்டு போயிற்று.

என் மூக்குத்தியை அத்தாயியே போட்டுக்கொள்ளட்டும் என்று அம்மா சொன்னாள். தட்டான் இழைத்துக் கொடுத்தபின் போட்டுக்கொண்டாளாம். அப்படியும் மூக்கை இழுக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, ஒரு நாளும் கழற்றவில்லையாம்.

கப்பல் ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. இருந்தும் ஒவ்வொரு கடுதாசியிலும் அந்த மீன் இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டேயிருந்தேன். மறு ஆடியில் அம்மா மலைக்குப் போய் அத்தாயியிடமே விசாரித்திருக்கிறாள். அவள் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதச் செய்து அனுப்பினாள்:

"என் மூக்குத்தி படியோரமா வந்து நல்லாத் தின்னுக்கிட்டுத்தான் இருக்குது. அந்தச் சாமி அங்க ஒழுங்கா திங்குதான்னு மொதல்ல கேட்டு எழுதச் சொல்லுங்க."