கீழிருந்து படிக்கிறவர்

சுருளைப் பிரித்ததும் சென்னப்பன் போஸ்டரின் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். மேலே இருக்கும் படமோ கொட்டை எழுத்தோ அவர் கண்ணில் படாது. நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடியை இறக்கி, கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களை வாய்க்குள் முணுமுணுப்பார். பிறகு ஒவ்வொரு வரியாக மேலே ஏறுவார். உச்சியில் இருக்கும் முகத்துக்கு வந்து சேர்வதற்குள் அவருக்குச் சலித்துப்போய்விடும். "இவ்ளோதானா" என்று மறுபடி சுருட்டி, மொபெட்டில் செருகிக்கொள்வார்.

நான் பிழை திருத்தும் அச்சகத்துக்கு அவர்தான் போஸ்டர் ஒட்டுகிறவர். அறுபதை நெருங்கும் வயது. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. அதனால் மற்றவர்கள் தரையில் நின்றபடி ஒட்டும் உயரத்துக்கு இவர் ஏணியில் ஒரு படி ஏறவேண்டும். ஒவ்வொரு சுவரிலும் அந்த ஒரு படிக்கு முன்னால் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். மொபெட்டின் ஒரு பக்கம் பசை வாளி, மறுபக்கம் குட்டை ஏணி, கால் வைக்கும் இடத்தில் அடி தேய்ந்த விளக்குமாறு. நாலு ரோட்டிலிருந்து குமாரசாமிப்பேட்டை வரைக்கும் எந்தச் சுவர் சுண்ணாம்பு உதிர்க்கும், எந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்து திட்டுவார் என்பதெல்லாம் அவருக்குப் பழக்கம்.

பசை காய்ச்சுவது மனைவி ராணியம்மாள். "ஊர்ல சாவறவங்களுக்கெல்லாம் நான்தான் கஞ்சி காச்சறேன். என் வூட்டு அடுப்புல சோத்துக்கு முன்னாடி மைதா ஏறுது. நான் செத்தா எவ காச்சுவாளோ" என்று அவர் அலுத்துக்கொள்வார். "அதுக்கும் நீயே காச்சி வெச்சிட்டுப் போயிடு" என்பார் சென்னப்பன். இருவரும் சிரிக்கமாட்டார்கள். பல வருடமாகச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு அது.

ஒரு வேலை மட்டும் வீட்டில் நடக்காது. பாத்திரம் கெட்டுவிடும் என்று ராணியம்மாள் மயில்துத்தத்தை அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டார். சென்னப்பன் அதைப் பொடித்துப் பொட்டலமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சுவரடிக்குப் போன பிறகே பசையில் கலப்பார். அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் பையருகே ஒரு நீலக் கறை இருக்கும். துத்தம் கலந்த பசை கசக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. கலக்காவிட்டால் மைதா வாசத்துக்கு ஆடுகள் வந்து, வெயில் ஏறுவதற்குள் தாளையும் பசையையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போய்விடும். "துத்தம் போடாம ஒட்டறதும் ஆட்டுக்குத் தழை கட்டறதும் ஒண்ணுதான்" என்பார்.

ஏன் கீழிருந்து படிக்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன். கையில் தனியார் பள்ளி ஒன்றின் போஸ்டர் இருந்தது. தேர்வில் முதலிடம் பெற்ற மாணவியின் படம் தாளின் முக்கால் பங்கை நிறைத்திருந்தது. சென்னப்பன் அதைத் தொடாமல், அடியில் இருந்த 'சேர்க்கை நடைபெறுகிறது' என்ற வரியில் விரலை வைத்தார்.

"சேதி இதான். மேல இருக்கறதெல்லாம் நம்மள நிக்க வெக்கறதுக்கு. பொண்ணு நல்லா படிச்சுது, சந்தோசம். ஆனா காசு குடுத்து அடிச்சவனுக்கு இந்த வரிதான் வேணும்."

அவரிடம் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பிறந்தநாள் வாழ்த்தென்றால், வாழ்த்துகிறவரின் படம் வாழ்த்தப்படுகிறவரின் படத்தைவிடப் பெரிதா என்று பார்ப்பார். மஞ்சள் நீராட்டு என்றால், தாய்மாமன் பெயர் எத்தனையாவதாக வருகிறது என்று பார்த்துவிட்டு, "பங்காளிக்குள்ள சரியில்ல" என்பார். கண்ணீர் அஞ்சலிகளும் தப்புவதில்லை. "ஒருத்தரு போஸ்டர்ல, செத்தவரு படம் தீப்பெட்டி அளவு, அஞ்சலி செலுத்தறவரு படம் ஆளுயரம். பாத்துட்டு ஒரு கெழவரு, ஐயோ நேத்துதான பேசினேன்னு அழுவறாரு. உசுரோட இருக்கறவனுக்கு!" சொல்லிவிட்டுத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். அவருக்கே அந்தக் கதை அலுத்திருந்தது. "யாரு பேசறான், யாருகிட்ட பேசறான், என்னத்துக்குப் பேசறான். இது மூணும் தெரிஞ்சிட்டா அப்பறம் படிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க."

எங்கள் ஊரில் போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் காரியம் முடியும்வரை அவருடைய போஸ்டர் மேல் வேறு எதையும் ஒட்டமாட்டார்கள். தேர்தல் நேரத்திலும் அப்படித்தான். சுவரில் வேறு இடமே இல்லை என்றால் சுருளைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிடுவார் சென்னப்பன்.

சென்ற மாதம் தக்காளி மண்டி கிருஷ்ணப்பன் காலமானார். குடும்பத்தின் சார்பில் மூத்த மகன் மதியழகன் கொடுத்த போஸ்டரை நாங்கள்தான் அச்சிட்டோம். சென்னப்பன் வழக்கப்படி அடியில் தொடங்கினார். "மண்டிச் சங்கம் இருக்குது. பேரன் பேத்தி, மருமக, மகனுங்க, எல்லாம் இருக்குது." கண்ணாடிக்கு மேலாக அச்சக உரிமையாளர் மாதவராஜைப் பார்த்தார். "மக எங்கப்பா?"

"எழுதிக் குடுத்தத அடிச்சோம்ணா."

மகள் ஐஸ்வர்யா தானே விரும்பிய ஒருவரைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. சாவு அன்று அவள் வந்தாள். பந்தலுக்கு வரவிடாமல் தெருமுனையிலேயே அண்ணன் ஆட்கள் நிறுத்திவிட்டார்கள். பாடை அந்தப் பக்கம் போகாமல் வேறு வழியாகப் போனது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமலேயே அவள் பஸ் ஏறினாள்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு போஸ்டர் வந்தது. ஒரே ஒரு தாள். மண்டிக்கு எதிர்ச்சுவரில் ஒட்டவேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். சென்னப்பன் அதைப் பிரித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். வெறும் வெள்ளை. திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மாதவராஜின் மேசையில் கொண்டுவந்து விரித்தார்.

"உன் மெசின் அடிய முழுங்கிடுச்சு பாரு. பேரெல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சு."

"வெட்டுப்படலண்ணா. மேட்டரே அவ்வளவுதான்."

"போட்டவங்க பேரு?"

"வேணாம்னுட்டாங்க."

"பேரு வேணாம்னா போஸ்டர் என்னத்துக்கு?" எரிச்சலோடு கேட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான் அவர் ஒரு போஸ்டரை மேலிருந்து படித்தார். கிருஷ்ணப்பன் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே லுங்கியில் நின்று சிரிக்கும் பழைய படம். ஒரு ஓரத்தை வெட்டியிருந்தார்கள். அவர் விரலைப் பிடித்திருந்த ஒரு சின்னக் கை மட்டும் தெரிந்தது. அதன் கீழே பெயர், தோற்றம், மறைவு. அதற்கும் கீழே ஒரு வரி:

'அப்பா, நான் வந்திருந்தேன்.'

சென்னப்பன் பிறகு அதைச் சுருட்டாமல், மடிப்பு விழாமல் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து எடுத்துப்போனார். அதற்கென்று கலந்த பசையில் துத்தம் கொஞ்சம் தூக்கலாகவே விழுந்தது.

சுவருக்குப் பக்கத்தில் கவுஸ் பாஷாவின் டீக்கடை. அவர் வளர்க்கும் ஆடுகள் கட்டாமல் அங்கேயே சுற்றித்திரியும். மறுநாள் கடையில் பேச்சு முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றித்தான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சென்னப்பன்.

"சொத்துக்கு அடி போடறா. நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும் பாருங்க" என்றார் மண்டியில் கூடை தூக்கும் இன்னாசி.

"சொத்து இல்லப்பா. அண்ணங்காரன் மூஞ்சில கரி பூசறா. உள்ள வுடலல்ல?" என்றார் கவுஸ் பாஷா. "ஏன்ணா, ஒட்டினது நீங்கதான. நீங்க சொல்லுங்க. யாருக்குப் போட்டிருக்கறா?"

சென்னப்பன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "சொத்து கேக்கறவ கோர்ட்டுக்குப் போவா. மானத்த வாங்கறவ ஊரெல்லாம் ஒட்டச்சொல்வா. இவ ஒண்ணே ஒண்ணு அடிச்சிருக்கறா. எங்க ஒட்டச்சொன்னா பாத்தியா?" டம்ளரால் எதிரே இருந்த மண்டியைக் காட்டினார். வாசலில் கிருஷ்ணப்பனின் நாற்காலி காலியாகக் கிடந்தது. "அவரு நித்தம் அந்தச் சேர்ல குந்திக்கினு இந்தச் சுவத்ததான பாத்துக்கினு இருப்பாரு. அவருகிட்ட சொல்றா. நாமதான் நடுவுல நின்னு படிக்கறோம்."

இன்னாசி நாற்காலியைப் பார்த்தார். "அவரு செத்துட்டாரேண்ணா."

"அதத்தான் போட்டிருக்குதே மேல" என்று சொல்லிவிட்டு சென்னப்பன் எழுந்துவிட்டார்.

காரியத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போது மதியழகன் அச்சகத்துக்கு வந்தார். காரியத்துக்கு ஊரை அழைக்கும் போஸ்டருக்குச் சொல்லிவிட்டு, சென்னப்பன் பக்கம் திரும்பினார். மழிக்காத முகம். தூங்கி நாளாகியிருக்கும்.

"எதிர்ச்சுவத்துல ஒண்ணு இருக்குதில்ல. அது மேலயே ஒட்டிடுங்க. ஒரு எழுத்து தெரியக்கூடாது."

"காரியம் முடியட்டுங்களே. செத்தவங்க மேல நாங்க ஒட்டறதில்லீங்க."

"எங்கப்பா மேல எங்கப்பாவத்தான ஒட்டச்சொல்றேன்? வேற எவனையாச்சும் ஒட்டச்சொன்னனா?"

சென்னப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அவ என்னத்துக்குப் போட்டான்னு எனக்குத் தெரியாதா? நாங்க வுடலன்னு ஊருக்குச் சொல்றா. தெனம் அந்த வழியாத்தான் நான் கடை தொறக்கணும்."

"வுடலன்னு அதுல இல்லீங்களே." சென்னப்பனின் குரல் எழவே இல்லை. "வந்தேன்னுதான இருக்குது."

மதியழகன் மேசையில் இருந்த மாதிரித் தாளை எடுத்தார், வைத்தார். அப்புறம் வேறு குரலில் சொன்னார். "மண்டிச் சங்கம், கோயில் திருவிழா, எல்லாம் எங்க மூலமாத்தான் இங்க வருது. ஒட்டறீங்களா, வேற ஆளப் பாத்துக்கட்டுமா?"

மாதவராஜ் கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சென்னப்பன் தோளைத் தடவிக்கொண்டார்.

"ஒட்டறேங்க."

வேறு ஆள் வந்தாலும் அந்தத் தாள் அன்றைக்கே மறைந்துவிடும். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை நான் டீக்கடைக்குப் போனபோது சென்னப்பன் சுவரடியில் மொபெட்டை நிறுத்திக்கொண்டிருந்தார். மதியழகன் மண்டி வாசலில், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் கிருஷ்ணப்பன் அதே சிரிப்போடு இருந்தார். வெயில் பட்டுத் தாள் இறுகி, சுவரோடு ஒன்றாகியிருந்தது. அந்த வரி இருந்தது நெஞ்சளவு உயரத்தில். முன்னங்காலைத் தூக்கிச் சுவரில் ஊன்றினால் ஆட்டுக்கு எட்டும்.

"என்னண்ணா, முடிவா ஒட்டறீங்களா?" என்றார் கவுஸ் பாஷா, பால் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சொன்னா ஒட்டவேண்டியதுதான."

புதுப் போஸ்டரை எடுத்தார். அடிவரியில் இருந்த பெயர்களைப் படிக்கவில்லை. பழையதன் மேல் வைத்து, நான்கு மூலையும் பொருந்துகிறதா என்று அளவு பார்த்தார். பொருந்தியது. இறக்கி ஏணியில் சாய்த்துவைத்துவிட்டு, வாளியின் மூடியைத் திறந்தார். மைதா வாசம் எங்கள் பெஞ்சு வரைக்கும் வந்தது. சாக்கடை ஓரத்தில் படுத்திருந்த வெள்ளாடு ஒன்று எழுந்து காதை விறைத்தது. சென்னப்பன் சட்டைப்பையிலிருந்து துத்தப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிரிக்காமல் மறுபடி பைக்குள் போட்டு, பொத்தானை மாட்டிவிட்டு, விளக்குமாற்றை எடுத்துப் பசையில் தோய்த்தார்.