தமிழ் தெரிந்த ஒரே ஒரு ஆள்

வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிற அக்கா, அண்ணன் எல்லோருக்கும் வணக்கம். போன வாரம், ஊரிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த இரண்டு தங்கச்சிகள் கடைசி வரிசையில் கண் கலங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். முருகன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், என் வாய்க்கொழுப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் அறந்தாங்கிப் பக்கத்துப் பெண். இவரைக் கட்டிக்கொண்டு மலேசியாவுக்கு, இந்தக் குனோங் ராபாட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. இவர் லாரி ஓட்டுகிறார். சவாரி போனால் இரண்டு நாள், மூன்று நாள் வீட்டுக்கு வர மாட்டார். எங்கள் வீட்டு வரிசையில் தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். ஊரில் என்றால் யார் வீட்டு வாசலிலும் போய் நின்று பேசலாம். இங்கே எல்லா வீட்டிலும் இரும்புக் கிரில், அதில் ஒரு பூட்டு. யாருக்கும் யாரும் வேண்டாம் போலிருக்கிறது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். நானும் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அம்மாவின் போன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, பின்கட்டுச் சமையலறையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவேன். என்ன பேசுவேன்? எல்லாம் பக்கத்து வீட்டைப் பற்றித்தான். அங்கே ஒரு சீன அம்மா தனியாக இருந்தார். சாமிக்குக் காகிதம் எரித்தால் புகை என் துணிமேல் வரும். மீன் கழுவினால் நாற்றம் என் அடுப்படிக்கு வரும். "அந்தச் சிடுமூஞ்சிக் கெழவி இன்னைக்கும் முறைச்சுச்சும்மா" என்று ஆரம்பித்தால் முடிக்க அரை மணி நேரம் ஆகும். இந்தச் சந்தில் தமிழ் யாருக்குப் புரியப் போகிறது என்ற தைரியம்!

மூன்று வருடத்துக்கு முன்னால், தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை. எனக்கு எட்டாம் மாதம். இவர் லாரியோடு ஜொகூர் வரைக்கும் போயிருந்தார். நாலு மணி அடிக்கப் போகிற நேரம், சமையலறை ஈரத்தில் கால் வழுக்கி அப்படியே விழுந்தேன். பனிக்குடம் உடைந்துவிட்டது. கையைப் பார்த்தால் ரத்தம்.

இவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. உடனே 108-ஐ அழுத்தினேன். ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் ஆம்புலன்சுக்கு அந்த நம்பரைத்தான் சொல்லும். மலாயில் ஏதோ ஒரு பதிவுக் குரல் பேசிவிட்டு நின்றது. மறுபடி அழுத்தினேன். அதே குரல். மூன்றாம் தடவையும் அழுத்தினேன் என்றால் என் புத்தியைப் பாருங்கள். வயிற்றில் பிள்ளை அசைகிற மாதிரியே தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உயிரே போனது.

தரையில் கிடந்தபடியே கத்தினேன். "முருகா, எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா. தமிழ் தெரிஞ்ச ஒரே ஒரு ஆளை அனுப்பு. என் புள்ளையைக் காப்பாத்து."

அந்த வார்த்தை வாயில் இருக்கும்போதே பின்பக்கக் கிரில்லில் தடதடவென்று சத்தம்.

"பாப்பா! என்னா ஆச்சு? விழுந்துட்டியா? சாவி எங்க இருக்கு?"

யார் தமிழ் பேசுவது என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன்.

"ஐயோ, என்னைப் பாருலா! நான்தான் கேக்குறேன். சாவி எங்க?"

கிரில்லுக்கு வெளியே நின்றது அந்தச் சீன அம்மா!

கதவுப் பக்கம் ஆணியில் தொங்கிய சாவியை எப்படியோ எட்டி எடுத்து வெளியே தள்ளினேன். அவர் உள்ளே வந்து முதலில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இந்த நாட்டு ஆம்புலன்ஸ் நம்பரான 999-ஐ அழைத்து மலாயில் படபடவென்று விலாசம் சொன்னார். "பிங்க் புஸ்தகம் எங்க?" என்று கேட்டு, என் கர்ப்பகாலக் குறிப்பேட்டையும் பாஸ்போர்ட்டையும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்ததும் என்னோடு ஏறிவிட்டார்.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்றேன்.

"நல்லா கேட்ட போ! நான் தோட்டத்துல பொறந்தவ. ரெண்டு பக்கமும் தமிழாளுங்க வீடு. அவங்களோடதான் ரப்பர் மரத்துல பால் வெட்டப் போவேன்."

"அப்ப நான் போன்ல பேசினது..."

"எல்லாம் கேட்டேன். சிடுமூஞ்சி, சரி. மீன் நாத்தம், அதுவும் சரி. கெழவின்னு சொன்ன பாரு, அதுக்குத்தான் கோவம். இனிமே லான் அக்கான்னு கூப்பிடு. இப்ப மூச்சை நல்லா இழுத்து விடு."

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கத்தில் அழுகையும் வந்தது.

அன்று மாலையே அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவரப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தது லான் அக்காதான். வள்ளி என்று பெயர் வைத்தோம். இப்போது ஓடுகிற ஓட்டத்தைப் பிடிக்க முடியவில்லை.

ஒருநாள் மனசு கேட்காமல், "எல்லாம் புரிஞ்சும் ஏன்க்கா ஒரு வார்த்தை திட்டல?" என்று கேட்டேன்.

"திட்டினா நீ பேசறத நிறுத்திடுவ இல்ல? தோட்டம் போயிருச்சு, கூட்டாளிங்க எல்லாம் எங்கெங்கேயோ போயிட்டாங்க. என்கிட்ட தமிழ் பேச யாரு இருக்கா? அதான் தெனமும் நாலு மணிக்குப் பின்கதவுகிட்ட நாற்காலி போட்டு உக்காந்துக்குவேன். என்னைத் திட்டினாலும் பரவால்ல, காதுல தமிழ் விழுதுல்ல."

அன்றைக்கும் அதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தாராம். தமிழ் தெரிந்த ஆளை அனுப்பு என்று நான் முருகனிடம் கதறினேன். அவன் எப்போதோ அனுப்பிவிட்டான். நாலு மணி ஆனால் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். நான்தான் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறேன்.

தங்கச்சிகளா, 999-ஐ இப்போதே போனில் போட்டு வையுங்கள். சாவி எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் ஒருவருக்காவது தெரியட்டும். பயம் வந்தால் முருகனைக் கூப்பிடுங்கள், நிச்சயம் கேட்பான். ஆனால் முதலில் போய்ப் பக்கத்து வீட்டுக் கிரில்லைத் தட்டுங்கள். அவன் ஆளை அங்கே வைத்திருந்தாலும் வைத்திருப்பான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வள்ளிக்கு மூன்றாவது பிறந்தநாள் விருந்து. எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். வாசலில் லான் அக்காதான் உங்களை வரவேற்பார். அவருக்கு முன்னால் தமிழில் மட்டும் கிசுகிசு பேசிவிடாதீர்கள்.