ஹெப்பாளுக்குச் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசப் போன கதை

நீரிழிவு ஆராய்ச்சியில் இருக்கும் இளைஞர்கள் சிலர் எனக்கு எழுதியிருந்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்களிடம் பேசப் போகிறார்களாம், என் அனுபவத்தைக் கேட்டார்கள். எழுதுவதென்றால் மைசூரைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதனாலேயே இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்கு நாவல் கொட்டைச் சாறு கொடுத்துப் பார்த்தோம். சர்க்கரை இறங்கியது. அந்த நேரத்தில், மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தமிழர்களின் மன்றத்திலிருந்து ஒரு கடிதம். எங்களில் பலருக்குச் சர்க்கரை இருக்கிறது, புதிதாக என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தமிழில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார் செயலாளர் முருகேசன்.

ஒரு சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பேருந்து ஏறினேன். சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு வழியாக ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். அன்றைய கட்டணம் நாற்பத்திரண்டு ரூபாய். திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். மலைமேல் சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் என் ஸ்லைடு பெட்டியைத் திறந்து, ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்து, "எலியா?" என்றார். ஆமாம் என்றேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதினொன்றே முக்காலுக்கு மைசூர். நகரப் பேருந்து நிலையத்திலிருந்து ஹெப்பாளுக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும், இரண்டு ரூபாய் டிக்கெட். மன்றத்துக் கூடத்தில் அறுபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்தவர்கள்.

என்னிடம் இருபது ஸ்லைடுகள். பன்னிரண்டாவதில் மின்சாரம் போய், திரும்பி வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. கோவைக்கு மூன்று மணிக்கு வண்டி, அதை விட்டால் இரவுதான். மீதி ஸ்லைடுகளை வேகமாக ஓட்டினேன். பதினெட்டாவது ஸ்லைடில் எலிகளின் சர்க்கரை சரசரவென்று இறங்கும் கோட்டைக் காட்டியதும் கைதட்டினார்கள். அத்துடன் முடித்துக்கொண்டேன். நேரம் இல்லை என்பது உண்மைதான். கைதட்டலோடு முடிப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதும் உண்மை. மீதி இரண்டு ஸ்லைடுகளில் இருந்தவை: இது மனிதர்களிடம் சோதிக்கப்படவில்லை; யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

வாசலில் சிலர் சூழ்ந்துகொண்டு ஏதேதோ கேட்டார்கள். நடந்துகொண்டே பதில் சொல்லிவிட்டு ஓடினேன்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு கருத்தரங்குக்காக மறுபடி மைசூர் போனேன். இன்னொரு கூட்டம் போடலாமே என்ற ஆசையில், ஓய்வு கிடைத்த மதியம் ஆட்டோ பிடித்து ஹெப்பாளுக்குப் போனேன். இருபத்தெட்டு ரூபாய் ஆயிற்று. என்ன வேலையாக வந்தேன் என்று கேட்ட டிரைவரிடம் சொன்னேன். "சக்கரெ காயிலெயா, சர்க்கரை வியாதியா? எங்க மாமனாருக்கும் அதுதான் சார். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, யாரு பேச்சைக் கேக்கறது?" என்றார். நல்ல டாக்டர் பேச்சைக் கேளுங்கள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

முருகேசன் என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது பேச்சை மாற்றினார். கடைசியில், "நீங்க ஒருக்கா செல்வராஜைப் பாத்துட்டு வந்துருங்க சார்," என்றார்.

செல்வராஜ் கர்நாடகத்து ஹனூர்ப் பக்கத்துத் தமிழர், லேத் ஓட்டுபவர். தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வழியிலேயே முருகேசன் சொல்லியிருந்தார்: என் பேச்சைக் கேட்டபின் மாத்திரையை நிறுத்திவிட்டு எட்டு மாதம் நாவல் கொட்டைப் பொடி சாப்பிட்டிருக்கிறார். பூட்ஸ் கடித்த புண் ஆறவே இல்லை.

அவர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அன்று நான் என்ன சொன்னதாக நினைவு என்று கேட்டேன்.

"எழுதி வெச்சிருக்கறனுங்க," என்றார்.

அவர் மனைவி ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். செல்வராஜ் ஹனூரில் கன்னடப் பள்ளியில் படித்தவர் என்பதால் என் தமிழைக் கன்னட எழுத்தில் எழுதியிருந்தார். நிதானமாக வாசித்தார். எலிகளுக்கு நாற்பத்தைந்து நாள் சாறு கொடுத்தது, சர்க்கரை இறங்கியது, மாத்திரை கொடுத்த எலிகளுக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதது. ஒரு வார்த்தை பிசகவில்லை, எல்லாம் நான் சொன்னவை. கடைசி வரியை மட்டும் நான் மறந்தே போயிருந்தேன்: 'வாசலில் கேட்டேன். நாவல் கொட்டை நல்லதுதான் என்றார்.'

நோட்டை மூடிவிட்டுக் கேட்டார், "அந்த எலிகெல்லாம் அப்பறம் எப்படி இருந்துதுங்க?"

நாற்பத்தைந்தாம் நாள் கொன்றுவிட்டோம் என்றேன். உள்ளுறுப்புகளை அறுத்துப் பார்க்க அதுதான் வழக்கம். அதற்குமேல் அவை எப்படி இருந்திருக்கும் என்று எங்களுக்கே தெரியாது.

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நான் மாத்திரைய உட்டிருக்க மாட்டனுங்க," என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, "அன்னிக்கு உட்டதைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்," என்றார். இரண்டு ஸ்லைடுகளையும் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த மன்றக் கூட்டத்தில் அதை அவரே வாசித்தாராம். கொட்டைப் பொடி சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னும் நான்கு பேர் மாத்திரைக்குத் திரும்பியதாக முருகேசன் எழுதினார். செல்வராஜுக்குக் கம்பெனி கேட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். லேத்துக்கு அவர் திரும்பவில்லை.

கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. அன்றே திரும்ப டிக்கெட் எடுக்காதீர்கள், மைசூரில் பேருந்து நிலையத்தை ஒட்டியே மலிவான விடுதிகள் இருக்கின்றன. எலியிடம் பார்த்ததா, மனிதரிடம் பார்த்ததா, எத்தனை நாள் பார்த்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். வாசலில் கேட்கப்படும் கேள்விக்கு நின்று பதில் சொல்லுங்கள், மேடையில் சொன்னதைவிட அதைத்தான் நம்புவார்கள். ஒரு மாதத்துக்குள் அதே ஊருக்கு மறுபடி போய், உங்கள் பேச்சிலிருந்து யார் என்ன எடுத்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். நான் அப்படிப் போயிருந்தால், செல்வராஜ் மாத்திரையை விட்டு முப்பது நாள்தான் ஆகியிருக்கும்.