ஒரு சொல் விடாமல்

என் அக்காமேல் எனக்குப் பொறாமை வந்ததற்கு ஒரு பொதுத்தேர்தல்தான் காரணம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளித் தாய்மாமா வீடு. அந்தத் தேர்தலில் அப்பா ஒரு கட்சிக் கொடியை வாசல் கதவில் கட்டினார். மறுநாளே மாமா மற்றக் கட்சிக் கொடியை அதைவிட உயரமாகக் கட்டினார். ஓட்டு எண்ணிய அன்று இருவரும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டார்கள். கொடிகளைக் கழற்றிய பிறகும் பேச்சு திரும்பவில்லை.

ஆனால் சேதி போகாமல் உறவு நடக்குமா? அக்காதான் தூது. அவள் போகும்போதெல்லாம் மாமா வீட்டில் குடிக்க ஐஸ் மைலோ கிடைக்கும். திரும்பி வந்தால், "எங்க வீட்டு வக்கீல் வந்துட்டா" என்று அப்பா தலையைத் தடவுவார். எனக்கு வயிறு எரியும். கடைக்கு அனுப்பினால் நான்கு சாமானில் இரண்டை மறந்துவிட்டு வருகிறவள் அவள். நானோ திருக்குறள் மனனப் போட்டியில் இரண்டு வருடம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியவள். இவர்களுக்குக் கண் அவிந்துபோயிற்றா என்று நினைத்துக்கொள்வேன்.

தம்பிக்குக் காதுகுத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காராமல் காதுகுத்து ஏது? அழைக்க வேண்டிய அன்று பார்த்து அக்கா பள்ளி முகாமுக்குப் போயிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மாமாகிட்டப் போய்ச் சொல்லு. ஞாயித்துக்கெழம ஒம்போது மணிக்குக் கோயில்ல காதுகுத்து. அந்தக் கட்சிச் சட்டைய மாட்டிக்கிட்டு வந்தா வாசலோட திருப்பி அனுப்பிருவேன்னும் சொல்லு."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மாமா முன்னால் போட்டி மேடையில் நிற்பதுபோல நின்று, அப்பாவின் முறைப்பையும் சேர்த்து ஒப்பித்தேன். மாமாவின் முகம் சிவந்துவிட்டது.

"மூளைய அடகு வச்சிட்டு ஓட்டுப் போட்டவரு வீட்டு விசேஷத்துக்கு நான் வரலன்னு சொல்லு லா!"

அதையும் ஓர் எழுத்து சிந்தாமல் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா நாளிதழைத் திருப்பினார். அம்மா மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து, "என் தம்பி இல்லாமலா என் புள்ளைக்குக் காது குத்துறது?" என்று அழுதாள். என்னை யாரும் பாராட்டவில்லை.

மறுநாள் திரும்பி வந்த அக்கா விவரம் கேட்டாள். பெருமையாகச் சொன்னேன்.

"அலமாக்! அப்படியேவா சொன்ன?"

"பின்ன எப்படிச் சொல்றது?"

அவள் மாமா வீட்டுக்கு ஓடினாள். பத்து நிமிடத்தில் திரும்பி, "மாமா வராரு" என்றாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். அப்படி என்னதான் சொன்னாள் என்று நச்சரித்து, கடைசியில் அவள் வாயிலிருந்து வாங்கிவிட்டேன். 'நீங்க வரலன்னதும் அப்பா அழுதுட்டாரு' என்று சொன்னாளாம். பச்சைப் பொய்! நான் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வேட்டி சட்டையில் வந்து தம்பியை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்தார். அப்பா தூணோரம் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அத்தை அக்காவின் கன்னத்தைக் கிள்ளி, "இவளாலதான் எல்லாம்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அக்கா பொய் சொல்லிட்டா. அப்பா அழவே இல்ல!"

ஆசாரியின் கை நின்றது. மாமா அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தம்பியை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழப் போனார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா தூணை விட்டு வந்தார்.

"அழுதேன் மச்சான். இவ பாக்கல."

 மாமா தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "குத்துங்க" என்றார் ஆசாரியிடம்.

நான்கு மாதத்தில் அப்பா மாமாவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. எனக்கோ, அப்பாவும் அக்கா பக்கம் சேர்ந்துகொண்டு கோயிலில் நின்று பொய் சொல்கிறார் என்றுதான் பட்டது. அந்த ஆத்திரத்தில் நான் அன்று விருந்து சாப்பிடவே இல்லை.