சிலிண்டருக்கு வைத்த சந்தனம்

நாகல் நகரில் எங்கள் வீட்டின் முன்பக்கம் ஒரு கார் ஷெட் உண்டு. கட்டியபோது கார் வாங்குகிற எண்ணம் இருந்திருக்கும். நான் மருமகளாக வந்து பதினெட்டு வருடமாகிறது. இதுவரை அதற்குள் ஒரு காரும் நுழைந்ததில்லை. மோட்டார்கள்தான் நுழைந்திருக்கின்றன. கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற சின்ன மோட்டார். உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், கருகிப் போன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவிவிட்டு, புதுச் செம்புக் கம்பி கட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். பிரிப்பதும் மாட்டுவதும் என் கணவர். கம்பி சுற்றுவதும் சுற்றியதை நூல் போட்டு இறுக்கிக் கட்டுவதும் நான். என் கட்டு எப்படி என்று நத்தத்திலிருந்து மோட்டார் கொண்டுவருகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

கட்டி முடித்த காயிலை வார்னிஷில் நனைத்துக் காய வைக்க வேண்டும். அதற்காகப் பழைய இரும்பு பீரோ ஒன்றின் தட்டுகளைப் பிடுங்கிவிட்டு, உள்ளே நான்கு பெரிய குண்டு பல்புகளை மாட்டி வைத்திருந்தோம். பல்புச் சூட்டில் வார்னிஷ் இறுகிவிடும். பக்கத்தில் வார்னிஷ் டின், அதன் பக்கத்தில் வார்னிஷைக் கரைக்கிற தின்னர் கேன், கை துடைத்த பஞ்சுக் கழிவு. பற்றிக்கொள்ளத் தயாராக இருந்த சாமான்கள் அத்தனையும் ஒரே இடத்தில் குடியிருந்தன.

அந்த ஷெட்டுக்குள்ளிருந்துதான் மாடிப்படி ஏறுகிறது. மாடியில் என் மாமனார் இருக்கிறார். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலிக்குப் போகவே ஒரு ஆள் பிடிக்க வேண்டும்; கீழே இறக்க இரண்டு பேர் வேண்டும். கீழேயே வந்து படுங்கள் என்றால் கேட்க மாட்டார். “கீழ வந்தா சுவத்தைத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். இங்கன இருந்தா ஆட்டோ போறதாச்சும் தெரியுது” என்பார். எந்த ஆட்டோ எந்த வளைவில் உரசியது என்று அவரிடம் கேட்டால் போதும், தெருவில் விசாரிக்க வேண்டாம்.

எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். ஷெட்டில் தீப்பிடித்தால் மாமாவை எந்த வழியாக இறக்குவது? ஒரு மத்தியானம் சோற்றில் குழம்பு ஊற்றும்போது இதைக் கணவரிடம் கேட்டேன். அவர் கையை உதறினார்.

“திங்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுறவ. வீட்டுக்குள்ள அந்த வார்த்தையச் சொல்லலாமா?”

“நெருப்புன்னா வாயா வெந்துரும்?” என்றேன்.

“வாய் வேகாது. வேளை கெட்டுப்போகும்” என்றார்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு பெரிய தொல்லை. நடக்கக் கூடாததைப் பற்றிப் பேசினால் அது வீட்டு விலாசம் தெரிந்து வந்துவிடும் என்று நினைப்பார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் வைப்பது பிழையில்லை. அதைப் பற்றிப் பேசுவதுதான் பிழை. நான் பேசாமல் இருக்கப் பிறந்தவள் இல்லை.

மகள் படிக்கிற பள்ளியில் ஒருநாள் பெற்றோர்களை வரச்சொல்லி, தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆட்கள் வந்து செய்து காட்டினார்கள். ஒரு தகரத் தட்டில் தீ மூட்டி, தீயணைக்கிற சிலிண்டரை நீட்டி, யாராவது வந்து அணையுங்கள் என்றார்கள். அப்பாமார்கள் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போனேன். பிடியில் செருகியிருக்கிற பின்னை உருவு, குழாயை நீட்டு, பிடியை அமுக்கு, இடமும் வலமுமாக வீசு. அவ்வளவுதான். “கொழுந்தப் பாக்காதீகம்மா, அடியப் பாருங்க. வாசல் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கணும்” என்றார் அந்த ஊழியர். தீ அணைந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஒரு சிவப்பு சிலிண்டர் வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். மின்சாரத் தீ, எண்ணெய்த் தீ இரண்டுக்கும் ஆகிற பவுடர் சிலிண்டர்.

கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். “வாசல்ல இதத் தொங்கவிட்டா வர்றவன் என்ன நெனப்பான்? இந்தக் கடை அடிக்கடி பத்திக்கும் போலன்னு மோட்டாரத் தூக்கிக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிருவான்.” பீரோவுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். தீப்பிடிக்கிற இடத்துக்குப் பின்னால் தீயணைப்பானை வைக்கிற புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது. நான் வாசல் பக்கம், படிக்கட்டின் அடியில் கொண்டுவந்து வைத்தேன். மறுநாள் அது பீரோவுக்குப் பின்னால் இருந்தது. மறுபடி எடுத்து வந்தேன். ஆணி அடித்து மாட்டிய பிறகு, அவர் தன் அழுக்குச் சட்டையை அதன்மேல் தொங்கவிட ஆரம்பித்தார். நான் அந்தச் சட்டையைக் கிழித்து மோட்டார் துடைத்தேன். இரண்டாவது சட்டைக்குப் பிறகு அவர் நிறுத்திக்கொண்டார்.

அப்படி இருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது. ஷெட்டைக் கழுவி, ஸ்பானர், சுத்தியல், கம்பி சுற்றுகிற கைமிஷின், தராசு எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தோம். கணவர் சிலிண்டர் முன்னால் வந்து நின்றார். “இதுக்கும் ஒண்ணு வச்சிரு. இதுவும் நம்ம கடைச் சாமான்தான” என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. ஆறு மாதச் சண்டையில் ஜெயித்த மாதிரி இருந்தது. ஜெயித்தவள் சும்மா இருப்பாளா? மற்றதற்கெல்லாம் ஒரு பொட்டு என்றால் சிலிண்டருக்கு மூன்று. அதன் தலையில் முள் வைத்த வட்டக் கண்ணாடி ஒன்று இருந்தது, பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி. அதில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன். கதம்பம் அரை முழம் எடுத்துக் கழுத்தில் சுற்றினேன். அது நழுவியது. நழுவினால் எனக்குப் பிடிக்காது. காயில் கட்டுகிற நூலை எடுத்து, பிடி, பின்னின் வளையம், கழுத்து மூன்றையும் சேர்த்து ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மோட்டார் வருடக்கணக்காக அதிர்ந்து ஓடினாலும் அவிழாத முடிச்சு. பூ வாடியதும் பூவை மட்டும் உதிர்த்துவிட்டேன். பூஜை நூல், பூஜைச் சந்தனம், தானாக உதிரட்டும் என்று விட்டுவிட்டேன். பொட்டோடு சிலிண்டர் லட்சணமாகத்தான் இருந்தது.

மாசி மாதம் கன்னிவாடியிலிருந்து ஒருவர் கிணற்று மோட்டாரை மினி வேனில் போட்டுக்கொண்டு வந்தார். கத்திரி நட்டு இருபது நாள், தண்ணீர் பாய்ச்சி நான்கு நாளாகிவிட்டது. இரண்டு நாளில் கட்டி முடித்தோம். மூன்றாம் நாள் காலையிலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “செத்த வெரசாப் பாருப்பு. செடியெல்லாம் தலையத் தொங்கப் போட்ருச்சு” என்று கணவரிடம் கெஞ்சினார்.

வார்னிஷில் நனைத்தால் நன்றாக வடியவிட்டு, தின்னர் வாடை போன பிறகுதான் பீரோவுக்குள் வைக்க வேண்டும். அன்று வடியவிடாமலே வைத்தார் கணவர். எதற்கெடுத்தாலும் வாய் திறக்கிற நான் அன்று திறக்கவில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து எனக்கும் பாவமாக இருந்தது. பீரோ கதவைச் சாத்தி பல்பைப் போட்டுக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. உள்ளே ‘குப்’பென்று ஒரு சத்தம். கதவு தானாகத் திறந்தது. உள்ளே நெருப்பு நின்றுகொண்டிருந்தது.

கணவர் தண்ணீர் வாளியைத் தூக்கினார். “கரண்டுங்க, ஊத்தாதீங்க” என்று கத்தினேன். கன்னிவாடிக்காரர் எழுந்து ஒரே எட்டில் போய் மெயினை இறக்கினார். மோட்டார் புகைந்தால் முதலில் மெயினை இறக்கு என்பது கிணற்று மேட்டில் நிற்கிறவர்களுக்குக் கைப்பழக்கம். ஆனால் தீ கரண்டை நம்பி எரியவில்லை. கீழே சொட்டியிருந்த வார்னிஷ் வழியாகத் தரைக்கு இறங்கியது. டின்னுக்கும் அதற்கும் இரண்டு அடி இருக்கும்.

சிலிண்டரைத் தூக்கி, பின்னை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். நூல்.

நான் போட்ட கட்டு. யாராலும் அவிழ்க்க முடியாது என்று நான் பீற்றிக்கொள்கிற கட்டு. நகத்தால் பிராண்டினேன், பல்லால் கடித்தேன். கண்ணாடியில் முள் எங்கே இருக்கிறது, உள்ளே காற்று இருக்கிறதா இல்லையா, பார்க்கலாம் என்றால் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. மேலேயிருந்து மாமாவின் குரல் கேட்டது: “ஏத்தா, என்னமோ பொசுங்குது. ஏத்தா.” அந்த நிமிடம் என்னை நான் வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை.

கணவர்தான் கட்டிங் பிளேயரை நீட்டினார். செம்புக் கம்பி வெட்டுகிற பிளேயர். நூலை வெட்டினேன், பின் வந்தது. வாசல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கொழுந்தைப் பார்க்காமல் அடியைப் பார்த்தேன். அமுக்கினேன்.

முதலில் தரை, பிறகு பீரோவின் அடி. ஷெட் முழுக்க வெள்ளைப் புகை மாதிரிப் பவுடர். அது அடங்கியபோது தீ இல்லை. கணவரும் கன்னிவாடிக்காரரும் விபூதி மூட்டைக்குள் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி இருமிக்கொண்டு நின்றார்கள். மோட்டார் கட்டு கருகிவிட்டது. அந்த மனிதர் அதைப் பார்க்காமல், “பெரியவரப் போய்ப் பாருங்க மொதல்ல” என்றார்.

நான் படியில் ஓடினேன். ஓட வேண்டியிருக்கவில்லை. மேலிருந்து நான்காவது படியில் மாமா உட்கார்ந்திருந்தார். கட்டிலிலிருந்து அதுவரை தவழ்ந்து, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறார். ஒரு முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. நல்ல கையில் அவர் தலைமாட்டில் எப்போதும் வைக்கிற தண்ணீர்ச் சொம்பு. பாதி படியெல்லாம் சிந்தி, பாதி உள்ளே இருந்தது.

“தப்பிச்சுப் போகலாம்னு வந்தீகளா மாமா?” என்று அழுகையும் சிரிப்புமாகக் கேட்டேன்.

“எங்குட்டுத் தப்பிக்க? நீங்க ரெண்டு பேரும் கீழதான இருக்கீக” என்றார். “அணைக்கலாம்னு வந்தேன்.”

இத்தனை மாதம் அவரை எப்படி இறக்குவது என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் எங்களுக்காக இறங்கி வருவார் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. அந்தப் படியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கணவர் வந்து கீழ்ப்படியில் நின்றார். அவரும் அழுதார். பவுடர் முகத்தில் கோடு விழுந்ததால் மறைக்க முடியவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கன்னிவாடிக்காரருக்கு வேறொரு பழைய மோட்டாரை அன்றே மாட்டிக் கொடுத்து, அவருடையதை முதலிலிருந்து கட்டினோம். கத்திரி பிழைத்துக்கொண்டது, ஆவணி வரைக்கும் அவரிடமிருந்து பை பையாக வந்து, வீட்டில் தினமும் கத்திரிக்காய் வெஞ்சனம்தான். பீரோ கொல்லைப்புறத் தகரக் கொட்டகைக்குப் போயிற்று. வார்னிஷும் தின்னரும் அதற்கு எட்டாத தூரத்தில். மாடிக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படி வந்தது. சிலிண்டரில் பாதிதான் தீர்ந்திருக்கிறது, அப்படியே மாட்டலாமா என்று கணவர் கேட்டார். ஒருமுறை அமுக்கிவிட்டால் காற்று இறங்கிவிடும், நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றார் கடைக்காரர். நிரப்பி வாங்கப் போன கணவர் புதிதாக இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்று கொல்லைக் கொட்டகைக்கு, ஒன்று மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். வருகிற வாடிக்கையாளர்களை இப்போது அவரே கூப்பிட்டுக் காட்டுகிறார். “ஒங்க மோட்டார் ரூம்புலயும் ஒண்ணு மாட்டுங்கண்ணே.” வேளை கெட்டுப்போகும் என்று யார் சொன்னது என்று கேட்டால் சுத்தியலை எடுத்துக்கொண்டு மோட்டாரைத் தட்டப் போய்விடுவார்.

மாமாவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. மாதம் பிறந்தால் மேலேயிருந்து குரல் வரும்: “முள்ளு பச்சையில இருக்கா?” காற்று குறையாமல் முள் பச்சைக் கட்டத்தில் நிற்கிறதா என்று ஷெட்டிலும் கொட்டகையிலும் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். பார்க்காமல் சொன்னால் கண்டுபிடித்துவிடுகிறார், எப்படி என்று தெரியவில்லை. ஒற்றைக் கையால் பின்னை உருவ முடியுமா என்று சந்தேகப்பட்டேன். கடையிலிருந்து கேட்டு வாங்கிய காலி சிலிண்டர் ஒன்றை வைத்துப் பழகி, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உருவிக் காட்டினார்.

அந்த வருட ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு நான் சிலிண்டர் முன்னால் நின்றேன். நூல் இல்லை, பூ இல்லை. பொட்டைச் சிலிண்டரில் வைக்காமல், அதை மாட்டியிருந்த சுவரில் வைத்தேன். பிறகு மாடிக்குப் போனேன். மாமா கிண்ணத்தைப் பார்த்ததும் நல்ல கையைச் சிலிண்டரின் கண்ணாடிமேல் குடை மாதிரி வைத்து மறைத்துக்கொண்டார்.

“இதுல வைக்காத ஆத்தா. முள்ளு தெரியாது” என்றார். “வச்சுத்தான் ஆகணும்னா எனக்கு வச்சுட்டுப் போ.”

குனிந்து அவர் நெற்றியில் வைத்தேன். கட்டைவிரல் அகலத்துக்கு.